அறவுரையும் கேட்கும் செவியும்
இஸ்லாமியத் தமிழ் அறவிலக்கியம் – ஒரு திறனாய்வு

அறம் உரைப்பதில் தமிழுக்கு நெடுங்காலப் பழக்கம் உண்டு. மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் ஆத்திசூடி அவனை எதிர்கொள்கிறது. வகுப்பு ஏற ஏறக் கொன்றை வேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, வெற்றி வேற்கை, நாலடியார், திருக்குறள் என அந்த வரிசை நீள்கிறது. இவ்வரிசையின் பெருமை ஐயத்துக்கு இடமில்லாதது. ஆயினும் இதே மொழியில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வேர்விட்டு வளர்ந்த மற்றோர் அறமரபு இவ்வரிசையின் ஓரத்திலேயே நிற்கிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்றதும் அது ஒரு சமயத்தாருக்குரிய பாராயண நூல் என்னும் எண்ணமே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. இலக்கியமாக அதனை எடைபோடும் முயற்சி அவ்வெண்ணத்தோடு நின்றுவிடுகிறது.

அறவுரை இலக்கியமாவது எப்போது? இவ்வினாவை முன்வைத்து இம்மரபை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கேட்பவனுக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுக்கும் அறவுரையே இலக்கியமாக நிலைக்கிறது. கேட்பவனை மறந்துவிட்ட அறவுரை, எத்துணை உயர்ந்த கருத்தைச் சொன்னாலும், பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது.

மகனை விளித்த தந்தை

இஸ்லாமிய மரபில் அன்றாட வாழ்வுக்கான அறிவுரைக்கு மூலமுதலாக விளங்குவது திருக்குர்ஆனின் 31-ஆம் அத்தியாயம். லுக்மான் என்னும் ஞானி தம் மகனுக்குக் கூறிய அறிவுரை அதில் இடம்பெறுகிறது. இறைவனுக்கு இணை வையாமை, பெற்றோரைப் பேணல், தொழுகை, பொறுமை என்று பெரியவற்றில் தொடங்கும் அவ்வத்தியாயத்தின் அறவுரைகள், கன்னத்தைத் திருப்பிக்கொண்டு பிறரை இகழாமை, செருக்கின்றி நடத்தல், குரலைத் தாழ்த்திப் பேசுதல் என்று சிறியவற்றில் வந்து முடிகின்றன. கடுகளவு செயலும் பாறைக்குள் மறைந்திருந்தாலும் வெளிப்படும் என்னும் கருத்தும், உரத்த குரலுக்குக் கழுதையின் ஒலியை ஒப்புக்காட்டும் நயமும் இடையே அமைகின்றன.

இங்கு இரண்டு கூறுகள் நோக்கத்தக்கவை. ஒன்று, விளி. லுக்மான் பேசத் தொடங்கும்போதும் இடையிலும் 'என் அருமை மகனே' என்னும் பொருள்பட விளிக்கின்றார். ஆத்திசூடி அகர வரிசையை நூலாகக் கொண்டு அறத்தைக் கோக்கிறது. அது நினைவுக்குத் துணை. குறள் பெரும்பாலும் எவரையும் விளியாது உலகப் பொதுவாகப் பேசுகிறது. அது அறிவுக்கு விருந்து. லுக்மானின் உரையோ ஒரு மகனின் முகத்தைப் பார்த்து எழுகிறது. மற்றொன்று, அளவு. வணக்கத்தையும் குரலின் ஏற்றத்தாழ்வையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, வாழ்வில் அறத்துக்குப் புறம்பான சிறு செயல் எதுவும் இல்லை என்பது தானே விளங்கிவிடுகிறது. இதனை விளக்கத் தனியே ஒரு வாக்கியம் தேவைப்படவில்லை.

வினவியவனுக்குக் கிடைத்த சிறப்பு

முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படுவது வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா'. 'அதிசய புராணம்' என்றும் பெயர்பெற்ற இந்நூல் 1572-இல் மதுரையில் அரங்கேறியது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இபுனு சலாம் நபிகள் நாயகத்திடம் வினாக்களை அடுக்க, நாயகம் விடையளிப்பதாக நூல் அமைந்துள்ளது. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா, சிக்கல் என்பன பொருள். மலாய் மொழியில் சிக்கலைக் குறிக்க நாள்தோறும் வழங்கும் 'மசாலா' இதே சொல்தான். சமையல் மசாலாவோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை.

சொல் மட்டுமன்றி நூலும் கடல் கடந்தது. இதே வினாவிடைக் கதை மலாயில் 'ஹிக்காயாட் செரிபு மசாலா' என்னும் பெயரில் வழங்கியது. சாவக மொழியிலும் வடிவம் பெற்றது. ரோனிட் ரிச்சி 2011-இல் வெளியிட்ட ஆய்வுநூல் தமிழ், மலாய், சாவக வடிவங்களை ஒருங்குவைத்து ஒப்பிட்டுள்ளது. பள்ளியில் இரு மொழியும் பயிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் மாணவனுக்கு ஒப்பிலக்கியப் பாடம் இதைவிட அண்மையில் கிடைப்பது அரிது.

நூலின் பெரும்பகுதி படைப்பையும் மறுமையையும் பற்றியது. அன்றாட ஒழுக்கத்துக்கு அதில் கிடைக்கும் இடம் சிறிது. எனினும் அதன் வடிவமே ஓர் அறத்தைக் கற்பிக்கிறது. நம்பாதவன் வினவலாம், ஒன்றன்று, ஆயிரம் வினவலாம், சினம் கொள்ளாமல் விடையளிப்பது ஆசானின் கடமை. இங்குக் கேட்பவன் வாய்மூடிய மாணவன் அல்லன். அவன் வினவாவிட்டால் நூலே இல்லை. ஆசிரியர்கள் இந்நூலிலிருந்து கொள்ளத்தக்க முதற்பாடம் இதுவே.

மானும் பிணையும்

இம்மரபின் சிகரம் உமறுப் புலவரின் சீறாப்புராணம். எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்ற உமறு, வள்ளல் சீதக்காதியும் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் புரந்தருள, பதினேழாம் நூற்றாண்டில் இக்காப்பியத்தை இயற்றினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களும் கொண்டது இந்நூல். அரபு நாட்டைப் பாடப் புகுந்த புலவர் தமிழ்நாட்டு வயலையும் வாய்க்காலையும் அங்குக் கொண்டு சேர்த்தார் என்பது பலரும் எடுத்துக்காட்டும் சிறப்பு. அதனினும் ஆழ்ந்த சிறப்பு 'மானுக்குப் பிணை நின்ற படல'த்தில் உள்ளது.

வேடன் ஒருவன் பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அவ்வழியே வந்த நாயகத்திடம் மான் முறையிடுகிறது. பசித்த கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாகக் கூறுகிறது. வேடன் நகைக்கிறான், காட்டுக்குச் சென்ற மான் மீண்டு வந்ததாக எங்கேனும் கேட்டதுண்டா என்பது அவன் வாதம். மான் திரும்பாவிட்டால் தாமே ஈடு செய்வதாக நாயகம் பிணை நிற்கின்றார். மான் தன் இனத்தைச் சேர்கிறது; கன்றுக்குப் பாலூட்டுகிறது; நடந்ததைச் சொல்கிறது. தப்பிய உயிரை மீண்டும் கொண்டுபோய்க் கொடுக்காதே என்று துணையும் இனமும் தடுக்கின்றன. தனக்காக ஒருவர் பிணை நிற்கிறார் என்பதை எண்ணிய மான் திரும்புகிறது. கன்றும் உடன் வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

'சொன்ன சொல் தவறாதே' என்பதே இப்படலம் தரும் அறவுரை. ஆனால் புலவர் அதனைக் கட்டளையாக நிறுத்திக் கதையை அதற்குச் சான்றாக்கவில்லை. அறம் மூவரிடையே பகிர்ந்து கிடக்கிறது. நம்ப மறுக்கும் வேடனின் வாதம் உலகியலில் முற்றிலும் நேரியது. பிணை நிற்பவரோ தம்மால் கட்டுப்படுத்த இயலாத ஓர் உயிரின் சொல்லுக்குத் தம்மை ஈடாக வைக்கின்றார். மானுக்குத் தப்பிச் செல்ல எல்லாக் காரணமும் உண்டு. தாய்மை என்னும் மேலான காரணமும் உண்டு. மானினத்தின் அறிவுரையைப் புலவர் இகழவில்லை. அன்பினால் எழுந்த அறிவுரையாகவே காட்டுகின்றார். அன்பு சொல்லும் வழியும் வாய்மை சொல்லும் வழியும் மாறுபடும் இடத்தில் மானை நிறுத்தியமையே இப்படலத்தின் உயிர். படிப்பவனும் அவ்விடத்தில் ஒரு கணம் நின்றே தீரவேண்டும்.

இப்படலத்தை அற்புத நிகழ்ச்சி என்று போற்றுவோரும், அற்புதம் என்பதனாலேயே ஒதுக்குவோரும் இம்முரணைக் காணத் தவறுகின்றனர். மான் பேசியது அற்புதம். திரும்பி வந்தது அறம். வேடனின் மனமாற்றத்தோடு படலம் விரைந்து நிறைவுறுவதில் காப்பிய மரபின் இறுக்கம் தெரிகிறது என்பது உண்மையே. ஆயின் அதற்கு முன்பே புலவர் தம் பணியை முடித்துவிட்டார்.

பிணை என்னும் சொல் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் உயிருள்ள சொல். தமிழர் வழக்கில் அது ஜாமீன், மலாயில் ஜாமின். இரண்டும் ஒரே அரபு வேரின. உறவினர் மகனின் கல்விக் கடனுக்கும் நண்பரின் வாகனக் கடனுக்கும் கையொப்பமிட்டுவிட்டு, கடன் வாங்கியவர் கைவிட்டபின் திவால் நிலைக்குத் தள்ளப்பட்டோர் இந்நாட்டில் உண்டு. தமக்கெனப் பயன் கருதாமல் இத்தகைய கடன்களுக்குப் பிணை நின்றோரைத் திவாலாக்குவதைத் தடுக்கும் திருத்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பிணை நின்றவரைக் காக்க முற்படுகிறது; சீறாவின் படலம் பிணை பெற்றவரின் நெஞ்சை நோக்கிப் பேசுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் மான் இருபத்தோராம் நூற்றாண்டின் கடனாளியிடம் கேட்கும் கேள்வி இன்னும் பழையதாகவில்லை.

குரிந்தாம் காட்டும் ஒப்புமை

மலாய் இலக்கியத்தில் இம்மரபுக்கு இணையாக வைத்து எண்ணத்தக்கது இராஜா அலி ஹாஜி 1847-இல் இயற்றிய 'குரிந்தாம் டுவா பெலாஸ்'. ஈரடிகளாலான பன்னிரண்டு பிரிவுகளில் அது சமயக் கடமை, ஐம்புலன் அடக்கம், நெஞ்சின் குற்றங்கள், நட்பு, பெற்றோர், அரசு ஆகியவற்றைப் பேசுகிறது. குரிந்தாம் என்னும் பெயரே தமிழ் வழியாகச் சென்ற கிரந்தம் என்னும் சொல்லின் திரிபு எனக் கூறுவர். முதலடி ஒரு நிலையைச் சொல்ல, அடுத்த அடி அதன் விளைவைச் சொல்லும் அமைப்பு குறள் பயின்ற செவிக்குப் புதிதன்று. கண்ணையும் செவியையும் நாவையும் காக்கச் சொல்லும் அதன் மூன்றாம் பிரிவை அடக்கமுடைமை, நாகாக்கும் அறம் ஆகியவற்றோடு ஒருங்கு வைத்துக் கற்பிக்கலாம். கதையோ விளியோ இன்றி, சுருக்கத்தின் ஆற்றலாலேயே செவியைப் பிணிக்கும் வகை இது. இவ்வகையில் வெற்றி பெறுவது மிக அரிது; குறளும் குரிந்தாமும் அவ்வரியவற்றுள் அடங்கும்.

மரபின் குறைகள்

இம்மரபில் எல்லாமே சீறாவின் தரத்தன அல்ல. இல்லறப் பெண்ணுக்கு ஒழுக்கம் உரைக்கும் 'பெண்புத்தி மாலை' போன்ற நூல்கள் ஒரு காலத்தில் இல்லந்தோறும் பாடப்பெற்றன. எழுத்தறியாத பெண்டிரும் செவிவழியே செய்யுளைப் பெற்றனர் என்பது அவற்றால் விளைந்த நன்மை. ஆயினும் அவற்றில் விளிக்கப்படும் பெண்ணுக்குக் கடமைகள் உண்டே தவிரக் குரல் இல்லை. சீறாவின் பெண்மானுக்குக் கிடைத்த வழக்காடும் உரிமைகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய நூல்களைச் சமுதாய வரலாற்றின் சான்றாகப் படிப்பதே தகும். இன்றைய வாழ்வுக்கு விதியாகக் கொள்வது தகாது.

பிற்காலக் கவிதைகள் பலவற்றின் குறை வேறு வகையானது. 'பொய் சொல்லாதே, புறம் பேசாதே, வட்டி வாங்காதே' என்று விலக்குகளை எதுகையில் அடுக்குவதோடு அவை அமைந்துவிடுகின்றன. தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்னும் நபிமொழி ஏன் நெஞ்சில் நிற்கிறது? 'கூலியைக் காலத்தில் கொடு' என்னும் விதியை அது வியர்வை உலரும் நேரத்தால் அளந்து காட்டுகிறது. அந்த அளவுகோலை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் கவிஞன், மூலத்திலிருந்த இலக்கியத்தைக் கழித்துவிடுகிறான். கட்டிலுக்கடியில் கிடக்கும் பழைய நாட்காட்டி வாசகங்களுக்கும் அத்தகைய செய்யுட்களுக்கும் வேறுபாடு குறைவு.

வகுப்பறைக்கு உரியது

1863-ஐத் தொடக்கமாகக் கொண்ட கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் மார்க்க உரை தமிழில் ஒலிக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பகுதியிலும் கோயிலும் பள்ளிவாசலும் தமிழ்க் கடைகளும் ஒரே வட்டாரத்தில் உள்ளன. தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் வழங்கும் நசீஹத்து, அமானத்து, சபுறு, அதபு, நிய்யத்து என்பன மலாயில் நசிஹாட், அமானா, சபார், அடாப், நியாட் என நிலவுகின்றன. அறிவுரை, அடைக்கலப் பொறுப்பு, பொறுமை, நன்னடத்தை, உள்ளக்கருத்து என்னும் தமிழ்ச் சொற்களோடு இவற்றை இணைத்துக் காட்டும் ஆசிரியர், சொற்பாடத்தின் வழியே அண்டை வீட்டாரின் அறவுலகையும் மாணவனுக்குத் திறந்துவிடுகின்றார்.

இலக்கிய அறிஞர்கள் இத்துறையைப் புறக்கணித்துவிடவில்லை. இலங்கைப் பேரறிஞர் ம. மு. உவைஸ் 1950-களிலிருந்தே இதன் வரலாற்றைத் தொகுத்து வந்தார். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு 2011-இல் கோலாலம்பூரிலும் கூடியது. மலேசியத் தமிழ் விழாக்களில் தமிழ் வாழ்த்தாக ஒலிக்கும் 'நிலைபெறநீ வாழியவே' என்னும் பாடலை இயற்றியவர் செ. சீனி நைனா முகம்மது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2014-இல் மறைந்த அவரது வாழ்த்தைப் பாட எழுந்து நிற்கும் அரங்கம், அது எச்சமயத்தாரின் பாடல் என்று வினவுவதில்லை. தமிழின் பாடல் என்றே பாடுகிறது.

அந்த நேர்மை பாடநூலுக்கும் வேண்டும். அறவிலக்கிய வரிசையில் சீறாவின் மானுக்கு ஓர் இடம் அளிப்பதைச் சலுகை என்று கருத வேண்டியதில்லை. தமிழ் தனக்குரிய செல்வத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் செயல் அது. மானைப் பற்றிப் படித்தபின் ஆசிரியர் மாணவரிடம் ஒரு வினா எழுப்பலாம்: 'மான் திரும்பியது சரியா?' சரியென்று சிலர் கூறுவர். கன்றின் கதி என்ன என்று சிலர் வாதிடுவர். ஆயிரம் மசலாவின் ஆசான் வினாக்களை ஏற்றதுபோல ஆசிரியரும் அவ்வாதங்களைப் பொறுமையோடு ஏற்பாராயின், அறவுரை அங்குச் செவியோடு நில்லாமல் சிந்தனையாகிவிடும்.