உடைத்த தேங்காய் எங்கே போகிறது?

2026ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி வந்தது. அதே நாள் அயர்லாந்தில் புனித பிரிஜிட் திருநாள். இந்த ஒற்றுமைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஒன்று நிலவைப் பார்த்து வருவது, இன்னொன்று நாள்காட்டியில் நிலையாக நிற்பது. ஆனால் இந்தத் தற்செயலால்தான் நான் ஒரே வாரத்தில் இரண்டு வகையான எழுத்தைப் படித்தேன். ஒன்று, நம் பத்திரிகைகளிலும் கோயில் மலர்களிலும் வாட்ஸ்அப்பிலும் ஜனவரி பிறந்தாலே வரும் தைப்பூசக் கட்டுரைகள். இன்னொன்று, அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் 1930களில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள். இரண்டையும் அருகருகே வைத்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. அந்த வெட்கத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டுகளைப் பற்றி. அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் 1935இல் தொடங்கப்பட்டது. அது 1937 முதல் 1939 வரை ஒரு வேலையைச் செய்தது. சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளில் 11 வயதிலிருந்து 14 வயதுவரை உள்ள பிள்ளைகளிடம் தலைப்புகளைக் கொடுத்து, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னது. 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படும் இந்தத் தொகுப்பை, இன்று 'டூக்கஸ்' என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கையெழுத்தோடு படிக்கலாம்.

அதில் பிரிஜிட் திருநாளைப் பற்றி என்ன இருக்கிறது? பிரிஜிட் யார், எந்த நூற்றாண்டு, அவருக்கு முன்னால் அதே பெயரில் ஒரு பழைய தெய்வம் இருந்ததா என்ற ஆராய்ச்சிகளை அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. அவர்கள் எழுதுவது வேறு. கோரைப்புல்லை எப்படி முறுக்கி சிலுவை செய்வது, அதை வாசலுக்கு மேலே மாட்டுவதா மாட்டுக் கொட்டகையில் மாட்டுவதா, முதல்நாள் ராத்திரி ஒரு துணியை வெளியே போட்டு வைத்தால் பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது தொட்டு ஆசீர்வதிப்பார் என்று எந்த வீட்டில் நம்பினார்கள், அந்தத் துணியைத் தலைவலிக்குக் கட்டினார்களா, பிரசவத்துக்கு வைத்தார்களா. வைக்கோல் பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகும் இளைஞர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதும் உண்டு. பல பக்கங்களின் கீழே, சொன்னவர் யார், என்ன வயது, எந்த ஊர் என்ற குறிப்பும் இருக்கும்.

அந்தத் துணியைப் பற்றிப் படித்ததும் எனக்கு நம் வீட்டு மஞ்சள் துணிதான் ஞாபகத்துக்கு வந்தது. யாருக்காவது காய்ச்சல் விடாவிட்டால் காசு முடிந்து சாமி தட்டில் வைப்பார்களே, அது. எத்தனை காசு? யார் முடிவார்? வேண்டுதல் தீர்ந்த பிறகு துணியை என்ன செய்வார்கள்? நான் படித்த எந்தத் தைப்பூசக் கட்டுரையிலும் இது இல்லை.

நம் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு இருக்கிறது. பார்வதி முருகனுக்கு வேல் கொடுத்த நாள் என்று தொடங்கும். அடுத்த பத்தியில் இடும்பன் வருவான். அகத்தியர் சொன்னபடி சிவகிரியையும் சக்திகிரியையும் காவடியாகக் கட்டித் தூக்கி வந்து, பழனியில் இறக்கி வைத்து, முருகனோடு மோதி, இறந்து, உயிர் பெறுவான். பிறகு தேங்காய் உடைப்பது ஆணவத்தை உடைப்பது என்று ஒரு வரி. அலகு குத்துவதற்கு ஒரு 'விஞ்ஞான' விளக்கம். கடைசியில் இளைஞர்களுக்கு ஓர் அறிவுரை, பெரும்பாலும் முடிவெட்டைப் பற்றியோ உடையைப் பற்றியோ. இதில் எதுவும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இடும்பன் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தக் கட்டுரையை அப்படியே டர்பனிலோ மொரீஷியஸிலோ அச்சிடலாம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம். பினாங்கில் உட்கார்ந்து எழுதியவருடைய கண் அதில் எங்கேயும் இல்லை என்பதுதான் என் குறை.

பினாங்கில் பார்க்க என்ன இருக்கிறது? 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த நகரத்தார்களின் வெள்ளி ரதம் இருக்கிறது. பூசத்துக்கு முதல்நாள் காலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து மாடு பூட்டிப் புறப்பட்டு, தண்ணீர்மலை போய்ச் சேரவே ராத்திரி ஆகிவிடும். வழியெல்லாம் குவித்து வைத்த தேங்காய். பல குவியல்கள் சீனர்களுடையவை. உடைப்பதற்கு முன் அவர்கள் தேங்காய்களுக்கு நடுவே ஊதுபத்தி ஏற்றி வைத்துக் கும்பிடுவார்கள். எந்தப் புராணத்தில் இருக்கிறது இது? எந்த ஆகமத்தில்? எங்கும் இல்லை. ஜார்ஜ்டவுன் சடக்கில் இருக்கிறது. அந்த ஊதுபத்தியை முதலில் ஏற்றியவர் எந்த வேண்டுதலுக்காக ஏற்றினார், முருகனை அவர் வீட்டில் என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. நாம் கேட்கவில்லை. வேடிக்கை பார்த்துவிட்டு, 'சீனவங்களே கும்பிடுறாங்க பாரு' என்று பெருமைப்பட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

2017 முதல் தங்க ரதமும் ஓடுகிறது. அதில் வேல் போகிறது. இரண்டு ரதங்களில் எதன் பின்னால் போவது என்று எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி. இதுவும் நாட்டார் வழக்காறுதான். நம் கண் முன்னால் ஒரு சடங்கு பிறந்து, தனக்கென்று நம்பிக்கைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. நாளைக்கு யாராவது ஒரு பாட்டி, 'சாமி தனியா போக வேணாம்னுதான் வேலு முன்னால போவுது' என்று ஒரு கதை சொல்வார். ஒருவேளை ஏற்கனவே சொல்லியிருப்பார்.

தேங்காய் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல காலமாக, தேங்காயை வீணாக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று கேட்டு வருகிறது. அதற்குப் பதிலாக, இது எங்கள் நம்பிக்கை, தலையிடாதீர்கள் என்று ஒரு குரல் எழும். ஒருவர் வீண் என்கிறார், ஒருவர் புனிதம் என்கிறார். இரண்டு தரப்பிலும் நான் வாசித்தவற்றில், உடைப்பவரிடம் போய் ஏன் நூற்றியெட்டு, ஏன் ஆயிரம் என்று உட்கார்ந்து கேட்ட கட்டுரை ஒன்றுகூட இல்லை.

நான் என் பெரியம்மாவிடம் கேட்டேன். அயர்லாந்து நோட்டுகளின் பாணியில் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேட்டேன். ஆணவம் அது இது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: "ஆணவமா? அதெல்லாம் ரேடியோல சொல்றது. எஸ்டேட்ல இருந்து லாரி புடிச்சு வருவோம். எங்கப்பா ஒரே ஒரு காய்தான் ஒடைப்பாரு. சிதறினதுல நல்ல சில்லா பாத்து நாங்க பொறுக்குவோம். அத காயவெச்சு வருஷம் பூரா பொட்டியில வெச்சிருப்பாங்க எங்கம்மா. கொழந்தைக்கு பயந்த காய்ச்சல் வந்தா ஒரு துண்டு ஒரசி நெத்தியில வெப்பாங்க. மிச்சத்த கோணியில அள்ளி ஆட்டுக்கு."

ஒரு காய். அதில் ஒரு சில்லு வருஷம் முழுக்க மருந்து. மிச்சம் ஆட்டுக்கு. 'வீண்' என்பவருக்கும் 'புனிதம்' என்பவருக்கும் இதில் பதில் இருக்கிறது. முப்பது வருஷமாக நான் பெரியம்மாவோடு ஒரே தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறேன். இது எனக்குத் தெரியாது. இன்று மண்வாரி இயந்திரம் வந்து மட்டையையும் ஓட்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்போது, சில்லு பொறுக்க யாரும் குனிவதில்லை.

அயர்லாந்துத் தொகுப்பைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் நான் தயாராக இல்லை. அது ஒரு புதிய அரசு தன் தேசத்தைக் கண்டுபிடிக்கச் செய்த வேலை. கிராமம்தான் உண்மையான அயர்லாந்து என்ற முடிவோடு தொடங்கியதால், பெரிய நகரங்களின் பள்ளிகளைத் திட்டத்தில் சேர்க்கவில்லை. பிள்ளைகள் ஆசிரியருக்காக எழுதினார்கள், ஆகவே ஆசிரியர் முகம் சுளிக்கும் விஷயங்கள் வடிகட்டப்பட்டிருக்கும். பல பக்கங்களில் எல்லாமே 'அந்தக் காலத்தில்' நடந்ததாகவே இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை அந்த வருஷம் என்ன செய்தது என்பது கிடைப்பதில்லை. இதை அப்படியே நகலெடுத்தால் ஜார்ஜ்டவுன் முழுக்க விடுபட்டுப்போகும். தண்ணீர்மலையின் 513 படிகளில் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே ஏறும் பால்குடக்காரப் பெண் விடுபட்டுப்போவாள். உறுமியில் சினிமாப் பாட்டு அடிக்கும் தம்பிகள் விடுபடுவார்கள். ஆகமப் பார்வைக்கும் அவர்கள் ஆகாது, 'தூய நாட்டார்' பார்வைக்கும் ஆகாது. அவர்களையும் எழுத வேண்டும்.

எழுதாவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று கேட்கலாம். ஹாலோவீனைப் பாருங்கள். அதுவும் அயர்லாந்தில் வேர் கொண்ட பண்டிகைதான். டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைப்பதும், ரொட்டிக்குள் மோதிரத்தை ஒளித்து அடுத்த கல்யாணம் யாருக்கு என்று பார்ப்பதும் அதன் பழைய வழக்கங்கள். இன்று நம் பேரங்காடிகளுக்கு வந்து சேர்ந்திருப்பது பிளாஸ்டிக் பூசணி மட்டும். ஆனால் அயர்லாந்துக்காரருக்குத் திரும்பிப் பார்க்க ஏழு லட்சம் பக்கங்கள் இருக்கின்றன. தைப்பூசம் சுற்றுலாச் சுவரொட்டியாக மட்டும் மிஞ்சும் நாளில் நாம் எதைத் திரும்பிப் பார்ப்போம்? நம்மிடம் இருப்பது ஒரே கட்டுரையின் நூறு பிரதிகள்.

இலக்கியத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நான் படித்த சிறுகதைகளில் தைப்பூசக் கூட்டம் பெரும்பாலும் பிரிந்தவர் சந்திக்கவோ பிள்ளை தொலைந்துபோகவோ வசதியான ஓர் இடம். கதாபாத்திரத்தின் கையில் தேங்காய் இருக்கும், ஆனால் அதை எங்கே வாங்கினார், என்ன விலை, பாதியை வீட்டுக்கு எடுத்துப்போனாரா என்று கதைக்குத் தெரியாது. விவரம் தெரியாத கதையில் உணர்ச்சியும் இரவல்தான்.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆணையம், நிதி, அமைச்சர் கையெழுத்து எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு நோட்டு போதும். அதற்கும் முன்னால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் தொடங்கலாம். அடுத்த பூசத்துக்கு வேல் கொடுத்த கதையை எழுத வேண்டாம், அது பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எதில் ஏறி வந்தீர்கள்? என்ன கட்டிக்கொண்டு வந்தீர்கள்? திரும்பிப் போகும்போது கையில் என்ன இருந்தது? சொன்னவர் பெயர், வயது, ஊர் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவிடம் அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று கேட்டேன். எஸ்டேட்டை விட்டு வந்தபோது லயத்திலேயே விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். "அதுல சில்லு இருந்துச்சா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருந்திருக்கும்டா, அந்த வருஷத்துது," என்றார்.