சாம்பல் மேடுகளும் ஆல்ச்சினின் நூலும்: ஒரு மதிப்பீடு

கர்நாடகத்தின் பல்லாரி, ராய்ச்சூர் பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய ஆந்திர, தெலங்கானா மாவட்டங்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பல் மேடுகள் உள்ளன. சில மேடுகள் சிறு குன்றுபோல் உயர்ந்தவை. சில இடங்களில் சாம்பல் பொடியாக இருக்கிறது. சில இடங்களில் கண்ணாடிபோல் உருகி இறுகிக் கிடக்கிறது. ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்தில் உள்ள மேட்டை, இராமன் அம்பால் வீழ்ந்த வாலியை எரித்த இடம் என்று ஊரார் சொல்கின்றனர். ஐரோப்பியர் சிலர் இவற்றை எரிமலைக் கசடு என்றனர். வேறு சிலர் உலோகம் உருக்கிய கழிவு என்றனர். மாட்டுச் சாணம் எரிந்த சாம்பலே இது என்றும், மேடுகள் புதிய கற்காலத்தவை என்றும் சரியாக அடையாளம் கண்டவர் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட். பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே.

இந்த மேடுகளைப் பற்றிய முதல் முழுமையான நூலை எழுதியவர் பிரித்தானியத் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்ச்சின் (1923–2010). தென்னிந்தியாவின் புதிய கற்கால மாடு வளர்ப்போர் பற்றிய அந்த ஆங்கில நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1963-இல் வெளியிட்டது. அறுபது ஆண்டுகள் கடந்தும் சாம்பல் மேடுகளைப் பற்றி எழுதும் எவரும் இந்நூலைத் தொடாமல் போக முடியாது. நூலில் அகழாய்வு நிறுவிய செய்தியும் உண்டு, ஆசிரியரின் ஊகமும் உண்டு. பின்னர் எடுத்தாண்ட பலர் இரண்டையும் ஒரே எடையில் வைத்துவிட்டனர்.

உட்னூரில் கிடைத்தவை

ஆல்ச்சின் 1957-இல் அன்றைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் அகழாய்வு செய்தார். (அதிலாபாத் பகுதியில் உள்ள உட்னூர் வேறு ஊர்.) சாம்பல் அடுக்குகளுக்கு இடையே வரிசையாகக் கம்பம் நட்ட குழிகள் வெளிப்பட்டன. மரங்களை நெருக்கமாக நட்டு அடைத்த பட்டி அது. அதைவிட முக்கியமாக, மாடுகளின் குளம்புத் தடங்கள் சாம்பலில் பதிந்து அழியாமல் இருந்தன. மாடுகளை அடைத்தனர், சாணம் சேர்ந்தது, அது எரிந்தது, அதே இடத்தில் மீண்டும் பட்டி கட்டினர். இந்தச் சுழற்சி பல முறை நடந்ததை அடுக்குகள் காட்டின. கரிமக் கணிப்பு பொ.ஆ.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சுட்டியது.

நூலின் அசைக்க முடியாத பகுதி இதுவே. குளம்புத் தடத்துக்கு எதிராக எரிமலைக் கொள்கையும் நிற்காது, உலோகக் கொள்கையும் நிற்காது. சாய்னர் குடதினி மேட்டின் சாம்பலை ஆய்வுக்கூடத்தில் சோதித்து 1960-இல் வெளியிட்ட முடிவும் சாணத்தையே உறுதிசெய்தது.

எரித்தது ஏன்?

சிக்கல் அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. தமிழ் உழவருக்குச் சாணம் எரு. ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போடுவதற்கென்றே நிலத்துக்காரர் மேய்ப்பவருக்குக் கூலி கொடுப்பது வழக்கம். அப்படிப்பட்ட பொருளை மேடாகக் குவித்து எரித்துச் சாம்பலாக விட்டுச் செல்வானேன்? தற்செயலான தீ என்றால் ஒருமுறை நடக்கலாம். திரும்பத் திரும்ப நடந்ததற்குக் காரணம் வேண்டும்.

ஆல்ச்சின் கண்ட விடை சடங்கு. ஹோலி, தீபாவளி, பொங்கல் போன்ற விழாக்களில் தீ மூட்டுவதையும் மாடுகளைத் தீயின் மேலோ தீக்கு அருகிலோ ஓட்டுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். மழை, மேய்ச்சல், இடப்பெயர்ச்சி ஆகியவற்றின் பருவச் சுழற்சியில் குறித்த ஒரு காலத்தில் மந்தையின் நலத்துக்காகப் பட்டியை எரித்திருக்கலாம் என்றும், இன்றைய விழாக்கள் அதன் எச்சம் என்றும் கருதினார். துளசிதாசரின் கவிதாவளியை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர். இந்திய நூல்களிலும் நாட்டு வழக்கங்களிலும் அவருக்கு இருந்த ஈடுபாடு இந்தப் பக்கங்களில் நன்றாகத் தெரிகிறது. நூலில் படிக்கச் சுவையான பகுதியும் இதுதான்.

ஆனால் ஈர்ப்பு வேறு, சான்று வேறு. மைசூர், மண்டியா பக்கம் சங்கராந்தி அன்று மாடுகளை நெருப்பைத் தாண்டச் செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. ‘கிச்சு ஹாயிசுவது’ என்பார்கள். கொங்கு நாட்டுப் பட்டிப் பொங்கலில் சாணத்தால் வரம்பு கட்டிச் சிறு தெப்பக்குளம் அமைத்து மாட்டைத் தாண்டவிடுவர். உட்னூர்ப் பட்டிக்கும் இவற்றுக்கும் இடையே ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியில் ஒன்றை மற்றொன்றோடு இணைக்கும் படி ஒன்றுகூட நூலில் இல்லை. பல முறை தீ எரிந்தது என்பதைச் சாம்பல் அடுக்கு சொல்லும். அது ஆண்டுக்கு ஒருமுறை எரிந்ததா, எந்த மாதம் எரிந்தது என்பதைச் சொல்லாது. மாடு வைத்திருப்பவர்கள் வெவ்வேறு காலத்தில் தனித்தனியே தீச்சடங்கை உருவாக்கிக்கொள்ள முடியாதா என்ற கேள்விக்கும் நூலில் நிறைவான பதில் இல்லை. ‘பொங்கல் புதிய கற்காலத்திலிருந்து வருவது, தொல்லியல் நிறுவிவிட்டது’ என்று எழுத விரும்பும் மாணவர் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஆல்ச்சின் முன்வைத்தது ஒரு கருதுகோள். முல்லை நில ஆயரைச் சாம்பல் மேட்டு மக்களின் நேர் வாரிசாக்குவதும் இதே வகைப் பாய்ச்சல்தான்.

பின்வந்த ஆய்வுகள்

புனே டெக்கான் கல்லூரியின் கே. பத்தய்யா சுரபுரம் வட்டாரத்துப் புடிஹாலில் 1989 முதல் பல பருவங்கள் அகழ்ந்தார். அங்கே சாம்பல் மேட்டை ஒட்டியே குடியிருப்பு இருந்தது. குழந்தைகளைத் தாழியில் புதைத்திருந்தனர். கல் கருவி செய்யும் இடம் இருந்தது. ஆகவே மேடுகள் காட்டுக்குள் அமைந்த பருவகால மாட்டுப் பட்டிகள் மட்டுமே என்ற படம் எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை. எரிப்பு என்பது குவிந்த சாணத்தை அகற்றும் துப்புரவு வேலையாகவே இருக்கலாம் என்பது பத்தய்யாவின் கருத்து. சடங்கு விளக்கத்தைவிட இது எளிமையானது. ஆனால் சாணத்தை அகற்றுவதுதான் நோக்கம் என்றால் அதே இடத்திலேயே மலைபோல் உயரவிட்டது ஏன் என்ற கேள்வி இதற்கும் தொல்லைதான். மேடுகளைத் திட்டமிட்டு எழுப்பிய நினைவிடங்களாகப் பார்க்கும் பீட்டர் ஜோஹான்சனின் 2004 கட்டுரை அந்த உயரத்தையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறது.

புடிஹாலில் மாடுகளை வெட்டிக் கூறுபோட்ட தளமும் கிடைத்தது. மந்தையைப் போற்றியவர்கள் அதை உண்ணவும் செய்தனர். பிற்காலப் பசுப் புனிதத்தை இவர்கள்மீது ஏற்றிப் படிக்க இடமில்லை.

நூலின் தலைப்பும் மறுபார்வை கேட்கிறது. ‘மாடு வளர்ப்போர்’ என்ற பெயர் அம்மக்களின் பாதி வாழ்க்கையை மறைத்துவிட்டது. தோண்டிய மண்ணை நீரில் கரைத்து, மிதக்கும் கருகிய விதைகளைச் சல்லடையில் பிடிக்கும் முறை பின்னர் பரவியது. டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் முதலானோர் இவ்வாறு எடுத்த விதைகளில் கொள்ளும் பாசிப்பயறும் இருந்தன. கன்னடத்தில் கொறலே எனப்படும் சிறுதானியமும் இருந்தது. தமிழ்நாட்டில் திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியின் புதிய கற்கால மக்களும் கொள்ளு, பாசிப்பயறு பயன்படுத்தியவர்களே. 1963-இல் இந்த விதைச் சான்று ஆல்ச்சினிடம் இல்லை. அதற்காக அவரைக் குறை சொல்வது முறையல்ல. ஆனால் இன்று பாடம் எழுதுபவர் அந்தத் தலைப்பை அப்படியே பெயர்த்து வைப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது.

உட்னூர் அறிக்கையோடு சேர்த்து நூலின் அகழாய்வுப் பகுதியை முதலில் படித்து, சடங்கு பற்றிய பகுதியைப் புடிஹால் முடிவுகளுக்குப் பின் படிப்பது நல்லது. ஆசிரியர் எங்கே மண்ணைப் பார்த்து எழுதுகிறார், எங்கே மண்ணை விட்டு நகர்கிறார் என்பது அப்போது தெளிவாகத் தெரியும். தீ எத்தனை நாளுக்கொரு முறை எரிந்தது என்பதை அடுக்கு அடுக்காக இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேடுகள் இருக்க வேண்டும். சுற்றுவட்டார உழவர்கள் சாம்பலை வெட்டி எருவாக வயலுக்கு ஏற்றிச் சென்றதில் பல மேடுகள் கரைந்துவிட்டன.