இரண்டு சுற்றுகள்

டாம் வுல்ஃப் 1965 மார்ச் எஸ்குயர் இதழில் ஜூனியர் ஜான்சனைப் பற்றி எழுதிய கட்டுரையைச் சென்ற வாரம் மறுபடி படித்தேன். கல்லூரியில் முதலில் படித்தபோது இருந்த கிறக்கம் இப்போது இல்லை. வட கரோலினா மலைப் பகுதியில் இரவில் கள்ளச்சாராயம் கடத்தி, போலீஸுக்குப் போக்குக் காட்டிப் பழகிய வித்தையைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜான்சன். சிறைக்கும் போனவர். அவரை அமெரிக்காவின் கடைசி வீரனாக வுல்ஃப் நிறுத்துகிறார். மொழி துள்ளுகிறது. அந்தத் துள்ளலிலேயே ஒரு தொன்மம் தயாராகிவிடுகிறது. 1973ல் ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்துப் படமாகவும் வந்தது.

இதே வாழ்க்கைக் குறிப்பு இன்னொருவருக்கும் உண்டு என்பதுதான் என் சங்கடம். வெண்டல் ஸ்காட், வர்ஜீனியாவின் டான்வில்லில் 1921ல் பிறந்தவர். டாக்ஸி ஓட்டினார், உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார், மெக்கானிக் வேலை பார்த்தார், கள்ளச்சாராயம் கடத்தினார், 1949ல் பிடிபட்டார். ஒரு கறுப்பர் ஓட்டினால் டிக்கெட் விற்கும் என்று நினைத்த உள்ளூர்ப் பந்தய முதலாளிகள், 1952ல் போலீஸாரிடமே விசாரித்து அவரைக் கண்டுபிடித்தார்கள். கடத்தல்காரரின் திறமைக்குத் துரத்திப் பார்த்தவரைவிட நல்ல விமர்சகர் யார்! 1961ல் நாஸ்கார் அமைப்பின் முதல் தரப் போட்டிகளுக்கு வந்துசேர்ந்தார். சொந்தக் கார், சொந்தக் கையால் ரிப்பேர், உதவிக்குப் பிள்ளைகள்.

வுல்ஃப் யாரைப் பற்றி எழுதுவது என்பது வுல்ஃபின் உரிமை. ஆனால் அந்த நடை ஸ்காட்டுக்குப் பொருந்துமா என்று கேட்டுப் பார்க்கலாம். பொருந்தாது என்பது என் எண்ணம். காரணம் 1963 டிசம்பர் 1ஆம் தேதி ஃப்ளோரிடாவின் ஜாக்ஸன்வில்லில் நடந்த ஓட்டம்.

கென்னடி சுடப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அரை மைல் மண் தடம், இருநூறு சுற்று, நூறு மைல். ஸ்காட்டின் கார் நெட் ஜாரெட்டிடமிருந்து வாங்கிய பழைய ஷெவர்லே, எண் 34. இருபத்தைந்து சுற்று மீதமிருக்கையில் ரிச்சர்ட் பெட்டியை முந்திவிட்டார். இருநூறாவது சுற்று முடிந்தது, கொடி விழவில்லை. ஓட்டிக்கொண்டே இருந்தார். இன்னொரு சுற்று, இன்னொன்று. பிறகு பக் பேக்கருக்குக் கட்டம்போட்ட கொடி அசைந்தது. பேக்கரை வெற்றி மேடைக்கு அழைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். ஸ்காட் ஆட்சேபித்தார். தாள்களைச் சரிபார்த்தார்கள். சில மணி நேரம் கழிந்து, கூட்டம் கலைந்த பிறகு, ஸ்காட்தான் ஜெயித்தவர், அதுவும் இரண்டு சுற்று முன்னால், என்று ஒப்புக்கொண்டார்கள். பேக்கர் கோப்பையோடு போய்விட்டிருந்தார். கணக்குப் பிழை என்று காரணம் சொல்லப்பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'இரண்டு சுற்று, முழுசாக ஒரு மைல், அது எப்படிக் கண்ணில் படாமல் போகும்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். படாமல் போகலாம். வட்டத் தடத்தில் யார் முன்னால் ஓடுகிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயமல்ல. இரண்டு சுற்று முந்தியவர் பின்னால் வருவதுபோலவே தோன்றுவார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒருவர் உட்கார்ந்து, அது கோட்டைக் கடக்கும்போதெல்லாம் மணியைப் பார்த்துத் தாளில் குறிப்பார். புழுதி, இரைச்சல், ஒன்றுபோல் தெரியும் கார்கள். வெற்றி என்பது தடத்தில் அல்ல, அந்தத் தாளில்தான் இருந்தது. பிழைகளும் நடந்தன. 1959ல் அட்லாண்டாவின் லேக்வுட் தடத்தில் ரிச்சர்ட் பெட்டிக்கு முதல் வெற்றி என்று அறிவித்தார்கள். அவருடைய அப்பா லீ பெட்டியே ஆட்சேபித்து அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு முதல் டேட்டோனா 500 போட்டியில் பீச்சாம்ப் வென்றதாக அறிவித்து, மூன்று நாள் புகைப்படங்களையும் செய்திப்பட ஃபிலிம்களையும் தேடிப் பார்த்து, லீ பெட்டிக்கு மாற்றினார்கள். அங்கே வித்தியாசம் இரண்டடி.

ஆகவே பிழை என்பதை மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் வெற்றி மேடையில் ஒரு வழக்கம் இருந்தது. கோப்பையோடு ஓர் அழகு ராணி நிற்பாள், வெள்ளைக்காரப் பெண். ஜெயித்தவருக்கு முத்தம் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வது ஃப்ளோரிடாவில் அன்று சட்ட விரோதம். ஸ்காட்டின் சொந்த மாநிலமான வர்ஜீனியாவிலும் அப்படியே. 1967ல் உச்ச நீதிமன்றம்தான் அதை ஒழித்தது. அந்த முத்தத்தைத் தவிர்க்கவே கொடி தாமதித்தது என்று ஸ்காட் நம்பினார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நிரூபிக்க என்னிடம் தாள் இல்லை.

வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்குக் 'கணக்குப் பிழை' என்ற சொல் வேறு மாதிரிக் காதில் விழுகிறது. ஒருவர் பணம் தவறி இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டால், திருத்தும்போது பழைய தேதியையே வேல்யூ டேட்டாகப் போடுகிறோம். இடையில் போன நாட்களின் வட்டி அவருக்கு நஷ்டமாகக் கூடாது. ஸ்காட்டுக்கு ஆயிரம் டாலர் வந்தது. அது அசல். ஒரு மாலைப் பொழுது, கூட்டத்தின் கூச்சல், பிள்ளைகள் பார்த்திருக்க மேடையேறுவது, இவற்றுக்கு எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது. பதிவேடு திருந்திவிட்டது, சடங்கு திருந்தவில்லை. சடங்கைத் திருத்தவே முடியாது, அது ஒரு தடவைதான் நடக்கிறது. முதல் கறுப்பர் வெற்றி என்று வரலாற்று நூல்கள் ஒரு வரியில் எழுதிச் செல்கிறபோது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. பொய்யான வரி அல்ல, சொரணை இல்லாத வரி.

1977ல் மைக்கேல் ஷுல்ட்ஸ் இயக்கிய 'கிரீஸ்டு லைட்னிங்' ஸ்காட்டின் வாழ்க்கையைத் தழுவியது. நடித்தவர் ரிச்சர்ட் பிரையர். (கூடவே வெள்ளைத் தோழராக வருபவர் போ பிரிட்ஜஸ், ஜெஃப் பிரிட்ஜஸின் அண்ணன். ஒரே குடும்பத்தில் இரண்டு சாராயக் காவியங்கள்.) சிரிப்புக்குள் கசப்பை வைத்திருக்கத் தெரிந்த நடிகர் பிரையர். இருந்தும் விளையாட்டுப் படம் என்கிற உருவம் கொடியையும் ஆரவாரத்தையும் கேட்கிறது. வுல்ஃபின் ஆச்சரியக்குறி கேட்பதும் அதைத்தான். ஜாக்ஸன்வில் மாலைக்கு உச்சக்கட்டம் இல்லை. காலி இருக்கைகளுக்கு முன்னால், எண்ணி முடித்த தாள்களைச் சுற்றிச் சிலர் நிற்கிறார்கள். அதை எழுத வறண்ட, அடக்கமான ஓர் உரைநடை வேண்டும். எனக்குத் தெரிந்து யாரும் எழுதவில்லை.

ஸ்காட் மொத்தம் 495 ஓட்டங்கள் ஓடினார். 147 தடவை முதல் பத்துக்குள். 1973ல் டாலடேகா விபத்தோடு ஓட்டம் ஏறக்குறைய முடிந்தது. 1990ல் இறந்தார். அடுத்த கறுப்பர் வெற்றி, பப்பா வாலஸுடையது, 2021 அக்டோபரில். அதற்குச் சில வாரம் முன்பு, ஆகஸ்டில், டேட்டோனாவில் ஸ்காட் குடும்பத்தாரிடம் நாஸ்கார் ஒரு கோப்பையைக் கொடுத்தது. பேக்கர் எடுத்துப்போனது அல்ல, புதிதாகச் செய்தது.