பெயர் மின்நிலையம், பொருள் மின்தொட்டி

ஒளிப்படக் கலைஞர் மின்சாரத்தைச் சுமந்து திரிவது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கம் அன்று. பாரிஸ் நகரின் அடியில் எலும்புக்கூடுகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ள சுரங்கக் கல்லறைகளை, நதார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுக் கலைஞர் 1861-ஆம் ஆண்டையொட்டிப் படமெடுத்தார். கதிரவன் ஒளி எட்டாத அவ்விடத்தில் மின்வில் விளக்கை ஏற்ற, 1841-இல் அறிமுகமான பூன்சன் மின்கலங்களைப் பலவாக இணைத்துப் பயன்படுத்தினார். துத்தநாகம், கரி, கந்தக அமிலம், நைட்ரிக் அமிலம் ஆகியவை கொண்ட அக்கலங்கள் வேலை செய்யும்பொழுது நச்சுப் புகையைக் கக்குபவை. ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடங்கள் வரை ஒளி காட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க மனிதரால் இயலாது ஆகையால், தொழிலாளிக்குப் பதிலாகப் பொம்மையை நிறுத்தி அவர் படமெடுத்தார்.

இன்று அவ்வேலைக்கென்றே கைப்பிடி வைத்த சிறு பெட்டி ஒன்று கடைக்கு வந்துள்ளது. புகை இல்லை, அமிலம் இல்லை, ஓசையும் அநேகமாக இல்லை. 'கையடக்க மின்நிலையம்' என்ற பெயரில் விற்கப்படும் இப்பெட்டியை வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வாங்க எண்ணும் இளைஞர்கள் பலர். காமிராவுக்கே கடன் வாங்கியவர் இதற்கும் கடன் வாங்கலாமா? விளம்பரம் சொல்வது எவ்வளவு, பெட்டி தருவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில் உள்ள பிழை

முதலில் பெயரையே எடுத்துக்கொள்வோம். மின்நிலையம் என்பது மின்சாரத்தை உண்டாக்கும் இடம். மேட்டூரில் அணை நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது; நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. நாம் பேசும் பெட்டியோ எதையும் உண்டாக்குவதில்லை. வீட்டுச் சுவரிலிருந்து பெற்றதைச் சேமித்து வைத்துத் திருப்பித் தருகிறது. அதாவது, இது ஊற்று அன்று; தொட்டி. இந்த வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. ஊற்று என்று நம்பியவர் அளக்காமல் இறைப்பார். தொட்டி என்று அறிந்தவர் குடங்களை எண்ணுவார்.

இத்தொட்டியின் கொள்ளளவை வாட்-மணி என்னும் அலகால் அளக்கிறோம். ஒரு வாட் திறனை ஒரு மணி நேரம் செலவிட்டால் அது ஒரு வாட்-மணி. 3,600 ஜூல்களுக்குச் சமம். எடுத்துக்காட்டாக, 2022-இல் வெளிவந்த ஈக்கோஃபுளோ ரிவர் 2 என்ற பெட்டியின் கொள்ளளவு 256 வாட்-மணி. அதன் மாறுமின்னோட்டத் துளைகள் தரக்கூடிய திறன் 300 வாட். எடை சுமார் 3.5 கிலோ. சிறிய பெட்டிகளில் இது ஒரு பொதுவான அளவு ஆகையால், இதையே நம் கணக்குக்கு அடிப்படையாகக் கொள்வோம். இங்கே 256 என்பது தொட்டியின் அளவு; 300 என்பது குழாயின் அகலம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே பின்னால் ஏமாற்றமடைகிறார்கள்.

வழியில் சிந்துவது

இன்றைய காமிராக்களின் மின்கலம் ஒன்று பெரும்பாலும் 16 வாட்-மணி கொள்வது. 256-ஐ 16-ஆல் வகுத்தால் 16. பதினாறு முறை மின்னேற்றலாம் என்று விளம்பரம் சொன்னால் வகுத்தல் கணக்கில் பிழையில்லை. ஆனால் மின்சாரம் போகும் வழியைப் பாருங்கள்.

பெட்டிக்குள் இருப்பது நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் என்னும் உறுப்பு அதை வீட்டு மின்சாரம் போன்ற 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்குகிறது. அதில் நாம் செருகும் மின்னேற்றியோ அதை மீண்டும் 8 வோல்ட்டையொட்டிய நேர்மின்னோட்டமாக இறக்குகிறது. மாடிக்கு ஏற்றிய நீரை மறுபடியும் கீழே இறக்கிக் குடத்தில் பிடிப்பது போன்றது இது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. இன்வெர்ட்டரின் பயனுறு திறன் 85 விழுக்காடு, மின்னேற்றியினுடையது 80 விழுக்காடு என்று கொண்டால், 256 வாட்-மணியில் காமிராவின் மின்கலங்களைச் சேர்வது 174. அதாவது பதினொரு முறைக்கும் சற்றுக் குறைவு. பெட்டியிலுள்ள யு.எஸ்.பி. துளையிலிருந்து நேராக ஏற்றினால் இரண்டு படிகளிலும் 90 விழுக்காடு கிடைப்பதாகக் கொள்ளலாம். அப்பொழுது 207 வாட்-மணி சேரும். பதின்மூன்று முறை ஏற்றலாம். ஒரே பெட்டி, ஒரே காமிரா; செருகிய துளை மட்டுமே வேறு.

விளம்பரப் படங்களில் முன்னால் நிற்பது எப்பொழுதும் அந்த மாறுமின்னோட்டத் துளைதான். வீட்டிலுள்ளதைப் போலவே இருப்பதால் வாங்குபவருக்கு அதன்மேல் நம்பிக்கை. ஒளிப்படக் கலைஞருக்கோ பெட்டியில் மிகக் குறைவாகப் பயன்பட வேண்டிய துளை அதுவே.

இன்னொரு கணக்கும் உண்டு. காமிரா மின்கலம் ஒன்றின் எடை ஏறக்குறைய 80 கிராம். பதினாறு மின்கலங்கள் 1.3 கிலோவுக்குள் அடங்கும். அவற்றிலும் இருப்பது அதே 256 வாட்-மணிதான். மின்னேற்றும்பொழுது நேரும் இழப்பெல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும். மலையேறிப் படமெடுப்பவருக்கு 3.5 கிலோப் பெட்டியைவிட இது மேல் அன்றோ? காமிராவுக்கு மட்டும் மின்சாரம் வேண்டுவோர் இப்பெட்டியை வாங்கத் தேவையில்லை. ஒரு நாள் வேலைக்கு மூன்று நான்கு உபரி மின்கலங்களே போதும்.

மின்வெட்டொளியும் தொடரொளியும்

அப்படியானால் பெட்டி யாருக்கு? விளக்குகளைக் கொண்டுசெல்பவருக்கு என்பது வழக்கமான விடை. எந்த விளக்கு என்று கேட்க வேண்டும்.

பிளாஷ் எனப்படும் மின்வெட்டொளி விளக்கு, மின்தேக்கி ஒன்றில் ஆற்றலைச் சேர்த்து வைத்துக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொட்டிவிடுகிறது. கோடாக்ஸ் ஏ.டி. 200 என்ற பிளாஷை எடுத்துக்கொள்வோம். அதன் மின்கலம் 14.4 வோல்ட், 2.9 ஆம்பியர்-மணி, பெருக்கினால் ஏறத்தாழ 42 வாட்-மணி. முழுத் திறனில் 200 ஜூல் வீதம் 500 முறை மின்னும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். 500 முறைக்கு ஒரு லட்சம் ஜூல். அதாவது 28 வாட்-மணி. மின்கலத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு விளக்கைச் சேர்கிறது. இது நம்பத்தக்க கணக்கே. 300 படங்கள் எடுக்க 25 வாட்-மணி போதும். ஒன்றரைக் காமிரா மின்கலத்தின் அளவு.

இதற்குப் பதிலாக 60 வாட் எல்.இ.டி. விளக்கை இரண்டு மணி நேரம் எரித்தால் 120 வாட்-மணி செலவாகும். மாறுமின்னோட்டத் துளை வழியாக எரித்தால் பெட்டியின் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். கிடைத்த பயன் என்ன? ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்கு நேரம் காமிராவின் கதவு திறக்கிறது என்று வையுங்கள். அந்நேரத்தில் எல்.இ.டி. விளக்கு செலவிடும் ஆற்றல் 0.3 ஜூல் மட்டுமே. பிளாஷ் செலவிடுவதோ 200 ஜூல். மின்னாற்றல் ஒளியாக மாறும் விகிதம் இரண்டிலும் ஒன்றன்று. எனினும் 600 மடங்கைத் தாண்டும் வேறுபாட்டை அது ஈடுசெய்யாது. கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் எல்.இ.டி. எரிந்துகொண்டே இருக்கிறது, பிளாஷ் தூங்குகிறது. நிழற்படம் எடுப்பவர் தொடரொளியை நாடினால் தொட்டியைத் திறந்துவிட்டதற்கு ஒப்பாகும். காணொளி எடுப்பவருக்கு வேறு வழியில்லை. அவருக்கே இப்பெட்டி உண்மையில் தேவைப்படுகிறது. ஆனால் ஒலிப்பதிவும் செய்பவர், சுமை கூடும்பொழுது பெட்டிக்குள் சுழலும் விசிறியின் இரைச்சலை ஒலிவாங்கி பிடித்துவிடாதபடி தள்ளி வைக்க வேண்டும்.

நிலையத்துக்குள் சுவரில் செருகிப் பயன்படுத்தும் பெரிய பிளாஷை இப்பெட்டியில் இணைப்போரும் உண்டு. இங்கே குழாயின் அகலம் குறுக்கே வருகிறது. 400 ஜூல் பிளாஷ் ஒரு நொடியில் மீண்டும் நிரம்ப வேண்டுமானால், இழப்பே இல்லை எனினும் 400 வாட் இழுக்கும். 300 வாட் இன்வெர்ட்டர் இதைத் தாங்காது. தன்னைக் காத்துக்கொள்ள இணைப்பைத் துண்டித்துவிடும். தொட்டி நிறைய நீர் இருந்தும் ஒரு படம் எடுக்க முடியாது. மெதுவாக நிரம்பும் ஏற்பாடுள்ள பிளாஷ்களே இங்கு உதவும்.

இரவு வேலை

விண்மீன்களைப் படமெடுப்பவர் விடிய விடியக் காமிராவை இயக்குகிறார். லென்சின்மேல் பனி படியாதிருக்கச் சிறு சூடேற்றிப் பட்டையும் வேண்டும். காமிராவுக்கு 4 வாட், பட்டைக்கு 7 வாட் என்று கொள்வோம். பத்து மணி நேரத்துக்கு 110 வாட்-மணி. யு.எஸ்.பி. அல்லது 12 வோல்ட் துளையிலிருந்து 90 விழுக்காட்டுத் திறனில் எடுத்தால் 122 செலவாகும். பெட்டியில் பாதிக்கு மேல் மீதியிருக்கும். இதே வேலையை மாறுமின்னோட்டத் துளையில் முன்சொன்ன இழப்புகளோடு செய்தால் 162 வேண்டும். அதோடு முடியவில்லை. இன்வெர்ட்டர் சும்மா விழித்திருப்பதற்கே ஆற்றலைத் தின்னும். அது 8 வாட் என்றால் இரவு முழுவதற்கும் 80. மொத்தம் 242! பெட்டி விளிம்பைத் தொட்டுவிட்டது. காமிரா உண்டதைப்போல் இரு மடங்கை இன்வெர்ட்டர் வெறுமனே உண்டிருக்கிறது. மாறுமின்னோட்டப் பொத்தானை அணைத்து வைக்கும் பழக்கம் ஒரு புதுப் பெட்டி வாங்குவதற்குச் சமம் என்பது இதனால் விளங்கும்.

வெயிலும் பனியும்

தொட்டியை நிரப்பக் கதிரவன் இருக்கிறானே என்பர் சிலர். 100 வாட் சூரியத் தகடு என்பது, ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் ஒளி விழுந்து, தகட்டின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசாக இருக்கும் சோதனைக்கூட நிலைக்குரிய எண். நம் ஊர் வெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டிக் காயும். சிலிக்கான் தகடு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை திறன் இழக்கும். தூசி, சாய்வு இவற்றையும் சேர்த்தால் 70 வாட் கிடைப்பதே நன்று. பெட்டி நிரம்ப நல்ல வெயிலில் நான்கு மணி நேரமாவது ஆகும். மர நிழலில் விரித்தால் மிகச் சிறிதளவே கிடைக்கும். தகடு வெயிலிலும் பெட்டி நிழலிலும் இருக்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

குளிரில் வேறு சிக்கல். லிதியம் அயனி மின்கலத்தை உறைநிலைக்குக் கீழே மின்னேற்றினால், லிதியம் கரி மின்வாய்க்குள் புகாமல் அதன்மேல் உலோகமாகப் படிகிறது. இதனால் கொள்ளளவு நிலையாகக் குறையும்; ஆபத்தும் உண்டு. ஆகவே நல்ல பெட்டிகள் அந்நிலையில் மின்னேற்றத்தை மறுத்துவிடுகின்றன. லடாக்கில் பனிச்சிறுத்தையைத் தேடிச் செல்பவர் இதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

பாராட்டத்தக்கவை

குறைகளை மட்டும் அடுக்குவது நேர்மையாகாது. இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் இப்பொழுது லிதியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலங்கள் உள்ளன. இப்பொருளின் பயனை 1997-இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் வெளியிட்டனர். குட்இனஃப் 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். இம்மின்கலம் சற்றுக் கனமானது. ஆயினும் எளிதில் தீப்பற்றாதது, நீண்ட ஆயுளுடையது. நாம் எடுத்துக்கொண்ட பெட்டி 3,000 முறை ஏற்றி இறக்கிய பின்னும் 80 விழுக்காடு கொள்ளும் என்பது தயாரிப்பாளர் வாக்கு. சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரோ 13 கிலோ கனக்கும். புகையும் இரைச்சலும் உண்டு. பறவை கூடு கட்டும் மரத்தடியில் அதை இயக்குவதை எண்ணிப் பார்க்கவே இயலாது. ஓசையின்றி, எவரையும் எதையும் கலைக்காமல் வேலை செய்ய விடுவதே இப்பெட்டியின் உண்மையான சிறப்பு. விளம்பரங்கள் இதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

பயணம் பற்றி ஒன்று. பயணிகள் விமானத்தில் 100 வாட்-மணி வரையுள்ள உபரி லிதியம் மின்கலங்களைக் கைப்பையில் கொண்டுசெல்லலாம். 100-க்கு மேல் 160 வரை, விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு இடமில்லை. 256 வாட்-மணிப் பெட்டியுடன் நிலையத்துக்குப் போனவர் அதை விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

முடிவாக

காமிராவுக்கு மட்டும் மின்சாரம் தேடுவோர் உபரி மின்கலங்களை வாங்கட்டும். பிளாஷ் கொண்டு வேலை செய்பவர், மின்கலம் உள்ளடங்கிய பிளாஷை வாங்கட்டும். மடிக்கணினியும் தொடரொளியும் கொண்டு நாள் முழுவதும் ஓரிடத்தில் பணிபுரிவோர், காணொளி எடுப்போர், இரவில் வானைப் படமெடுப்போர் ஆகியோருக்கு இப்பெட்டி தகுந்த துணை. வாகனம் செல்லும் இடமாகவும் இருக்க வேண்டும். வாங்குமுன் ஒரு தாளில் தம் கருவிகளின் வாட் எண்ணையும், அவை இயங்கும் மணிகளையும் எழுதிப் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். நேர்மின்னோட்டத் துளைக்குக் கால் பங்கும், மாறுமின்னோட்டத் துளைக்குப் பாதிப் பங்கும் கூடுதலாகச் சேருங்கள். வரும் விடை பெட்டியின் எண்ணுக்குள் அடங்கினால் வாங்கலாம். அடங்காவிட்டால், இன்னும் பெரிய பெட்டியைத் தேடுமுன், அத்தாளில் எந்தக் கருவியை அணைத்து வைக்கலாம் என்று ஒருமுறை பாருங்கள்.