ஊசிக்கு முன் சுவர்

நெஞ்சுக்குழியில் வலி, நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று ஆகிவிடுகிறது என்று அரூரில் யாராவது சொன்னால், கேட்காமலே வரும் பதில் ‘கேஸ்’, இல்லையென்றால் ‘அல்சர்’. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். வெறும் வயிற்றில் போடும் மாத்திரைக்கும் அடங்காத வலிதான் ஸ்கேன் வரை போகிறது. அங்கே மிக அரிதாக, இரைப்பையை ஒட்டி ஒரு நீர்க்கட்டி தெரியும்.

கருவிலேயே நேர்ந்த பிசகு அது. இரைப்பையோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, பெரும்பாலும் அதன் பெரிய வளைவை ஒட்டி, குட்டி இரைப்பை போல உட்கார்ந்திருக்கும். உணவுப்பாதையில் வரும் இத்தகைய இரட்டிப்புக் கட்டிகளில் இரைப்பைக்குரியவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை கைக்குழந்தைப் பருவத்திலேயே வாந்தியாக வெளிப்பட்டுவிடும். நாற்பது வயதுக்காரரிடம் யாரும் அதைத் தேடுவதில்லை.

சி.டி. ஸ்கேன் கட்டியின் அளவையும் இடத்தையும் துல்லியமாகக் காட்டும். ஆனால் உள்ளே சளி கெட்டியாக இருந்தால் நீர்க்கட்டியே சதைக்கட்டி போலத் தெரியும். ‘ஜிஸ்ட்’ எனும் சதைக்கட்டி என்றோ கணையக் கட்டி என்றோ அறிக்கை வரும். அறுவை முடிந்து நோய்க்குறியியல் ஆய்வில்தான் உண்மைப் பெயர் தெரிந்தது என்று மருத்துவ இதழ்களில் எத்தனையோ பதிவுகள்.

எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டுதான் இதில் கைகொடுக்கிறது. இரைப்பைக்குள்ளிருந்தே பார்ப்பதால் கட்டியின் சுவர் இரைப்பைச் சுவரைப் போலவே அடுக்கடுக்காகத் தெரியும்: உள்ளே சவ்வின் வெண்கோடு, வெளியே தசையின் கருங்கோடு.

அத்தோடு நிறுத்தாமல் ஊசி போட்டு நீர் எடுக்கும் வழக்கம்தான் கேள்விக்குரியது. புற்றுநோயே இல்லாத கட்டியின் நீரிலும் புற்றுநோய்க் குறியீடுகளான சி.இ.ஏ., சி.ஏ. 19-9 அளவுகள் எகிறலாம். ஊசிக்குப் பின் கட்டியில் சீழ் பிடித்ததும் உண்டு. சதைக்கட்டியா என்ற ஐயம் தீராதபோது ஊசிக்கு நியாயம் இருக்கிறது. சுவர் தெளிவாகத் தெரிந்த பிறகு அது பயத்தைத்தான் கூட்டுகிறது. இத்தகைய கட்டிக்குள் அரிதாகப் புற்றுநோய் வந்திருப்பதால், உடல்நிலை இடம்கொடுத்தால் முழுதாக எடுத்துவிடுவதையே பல அறுவை மருத்துவர்கள் விரும்புகிறார்கள்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கி அரூர் வந்து, அங்கிருந்து தருமபுரிக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறுபவருக்கு ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு நாள் கூலி. அதனால் முதல் ஸ்கேனே முக்கியம். ஜெல் தடவிய வயிற்றில் புரோபை ஒரு நிமிடம் அசைக்காமல் பிடித்தால், சாதாரண அல்ட்ராசவுண்டிலும் சில சமயம் அந்த இரட்டைக் கோடு தெரியும். சுவர் குடலைப் போலச் சுருங்கி விரிவதும் தெரியலாம். ‘நீர்க்கட்டி’ என்று மட்டும் எழுதிய அறிக்கை, பெரிய ஆஸ்பத்திரியில் தேடலை முதலிலிருந்து தொடங்க வைக்கும். ‘இரட்டைக் கோட்டுச் சுவர், அசைவு உண்டு’ என்று கூடுதலாக ஒரு வரி இருந்தால், அங்குள்ள மருத்துவர் ஊசியை எடுக்கும் முன் சுவரைத் தேடுவார்.