லெஸ்போஸ் தீவின் இளந்தொண்டர்கள்: பயனும் பிழையும்

துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவின் வடகரைக்குத் தொலைவு சுமார் 10 கிலோமீட்டர். 2015இல் மட்டும் சிரியா, ஆப்கானிஸ்தான், இராக் முதலிய நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 5 லட்சம் பேர் ரப்பர் படகுகளில் அந்தக் கடலைக் கடந்து தீவில் இறங்கினார்கள். தீவின் சொந்த மக்கள்தொகையோ 86 ஆயிரத்தைச் சுற்றித்தான். கடன் நெருக்கடியில் தவித்த கிரேக்க அரசு கையைப் பிசைந்து நின்றபோது, நார்வே, ஸ்பெயின், ஜெர்மனி, நெதர்லாந்து எனப் பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் விமானமேறி வந்தார்கள். சிலர் வாரக் கணக்கில் தங்கினார்கள், சிலர் மாதக் கணக்கில்.

அவர்கள் வராமல் போயிருந்தால் சாவு கூடியிருக்கும். இதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் படகிலிருந்து இறங்குபவரைக் கைதூக்கிவிட ஏற்றதாக இருந்த அதே ஏற்பாட்டை, ஆண்டுக்கணக்கில் முகாமில் முடங்கிக் கிடப்பவர்களுக்கும் அப்படியே பொருத்தியதுதான் பெரும்பிழை என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். தொண்டு வெளிநாட்டாரோடு தொடங்கவில்லை. 2012லேயே தீவின் மக்கள் சிலர், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு சிறுவர் கோடை விடுதியைத் திறந்து அகதிகளைத் தங்கவைத்தார்கள். பிக்பா என்று அழைக்கப்பட்ட அந்த முகாமில் உழைத்த எஃபி லட்சூடி, 2016இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நான்சன் விருதைக் கிரேக்க மீட்புக் குழுவோடு சேர்ந்து பெற்றார். வடகரையின் ஸ்காலா சிகாமினியாஸ் என்ற சிற்றூரில் மீனவர்கள் வலையை விட்டுவிட்டு மனிதர்களைக் கரைசேர்த்தார்கள், பாட்டிமார் கைக்குழந்தைகளுக்குப் பால் புகட்டினார்கள். வெளிநாட்டு இளைஞர்கள் இந்த அடித்தளத்தின் மேல்தான் வந்து நின்றார்கள்.

வந்தவர்கள் செய்த வேலை சிறிதல்ல. 2015 செப்டம்பரில் ஆலன் குர்தி என்ற சிரியக் குழந்தையின் உடல் துருக்கிக் கரையில் ஒதுங்கிய படம் உலகை உலுக்கியது. அதே மாதம் ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை உயிர்காப்பாளர்கள் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு ஓப்பன் ஆர்ம்ஸ் என்று அறியப்பட்ட அமைப்பு அவர்களுடையது. பயிற்சி பெற்றவர்கள் கடலில் இறங்க, மற்றவர்கள் கரையில் நின்றார்கள். படகு தரை தட்டியதும் முதலில் குழந்தைகளை வாங்க வேண்டும். நனைந்த உடையைக் கழற்றி உலர்ந்த காலுறை மாட்ட வேண்டும், உடல்வெப்பம் போகாதிருக்கப் பளபளக்கும் தகட்டுப் போர்வையைச் சுற்ற வேண்டும், சூடாகத் தேநீர் கொடுத்து அடுத்த படகுக்கு ஓட வேண்டும். பதிவு செய்யப்படாத அகதிகளைக் காரில் ஏற்றுவது சட்டப்படி குற்றமாக இருந்ததால், 2015 கோடையில் குடும்பங்கள் 60 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் நடந்து தீவின் தலைநகர் மித்திலினியைச் சேர வேண்டியிருந்தது. வழியெங்கும் தண்ணீரும் செருப்பும் கொடுத்தவர்களில் இந்த இளைஞர்களும் உண்டு. இத்தகைய பணிக்கு மொழி அவசியமில்லை, நீண்ட அனுபவம் தேவையில்லை. இன்று வந்தவர் நாளை போனாலும் அவர் இடத்தில் இன்னொருவர் நின்றுவிடலாம்.

2016 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் செய்துகொண்ட உடன்பாட்டோடு நிலைமை மாறியது. அதுவரை ஓரிரு நாளில் ஏதென்ஸுக்குக் கப்பலேறியவர்கள், தஞ்சக் கோரிக்கை முடிவாகும் வரை தீவை விட்டு நகர முடியாது என்றானது. ஏறத்தாழ 3 ஆயிரம் பேருக்கென அமைந்த மோரியா முகாமில் 2020 தொடக்கத்தில் கிட்டத்தட்ட 20 ஆயிரம் பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். வேலிக்கு வெளியே ஒலிவத் தோப்புகளில் கூடாரங்கள் முளைத்தன. கடந்து போகிறவர்கள் காத்துக் கிடப்பவர்களாக ஆனார்கள். தொண்டர்களோ பழையபடியே சில வாரங்களுக்கு வந்து போனார்கள்.

இதன் விளைவை ஆங்கில வகுப்பில் பார்க்கலாம். கூடாரத்தில் பலகை, இருபது மாணவர்கள், புதிதாக வந்த ஆசிரியர். முந்தைய ஆசிரியர் எங்கே விட்டார் என்று குறித்துவைத்த ஏடு இல்லை. ஆகவே மறுபடி அகரவரிசை, மறுபடி 'என் பெயர், என் நாடு'. மூன்று வாரத்தில் அவர் கிளம்புகிறார், அடுத்தவர் அதே முதல் பாடத்தோடு வருகிறார். ஓராண்டு வகுப்புக்கு வந்த இளைஞன் ஓராண்டுப் பாடம் படித்திருக்க மாட்டான், தொடக்கப் பாடத்தையே பலமுறை படித்திருப்பான். குழந்தைகள் விஷயம் இதைவிடக் கடுமையானது. போரில் உறவுகளை இழந்த குழந்தை ஒருவரிடம் ஒட்டிக்கொள்கிறது. அவர் போய்விடுகிறார். இன்னொருவர் வருகிறார், அவரும் போகிறார். பாசம் காட்டி விலகுவது வந்தவருக்கு ஒருமுறை நேர்வது. குழந்தைக்கு அது ஓயாத பிரிவு.

தஞ்சக் கோரிக்கை நேர்காணலில் ஆபத்து இன்னும் பெரிது. அதிகாரி ஊரைக் கேட்பார், தேதியைக் கேட்பார், யார் மிரட்டினார்கள் என்று கேட்பார், முன்பு சொன்னதோடு ஒப்பிடுவார். சட்டம் அறியாத தொண்டர் நல்லெண்ணத்தோடு 'இதை அழுத்திச் சொல்லுங்கள், அதை விட்டுவிடுங்கள்' என்றால் போதும், வாக்குமூலத்தில் முரண் விழுந்து உண்மையான கோரிக்கையே பொய்யாகத் தோன்றக்கூடும். ஆலோசனை சொன்னவர் அதற்குள் ஊர் திரும்பியிருப்பார். நிராகரிப்பைச் சுமப்பவர் முகாமில் இருப்பார்.

தொண்டர்கள் வெளியேறிவிட்டால் அந்த இடத்தில் யார் இருப்பார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், சட்ட உதவி எல்லாம் அரசின் கடமை. கூலியில்லா உழைப்பு வந்து கொண்டே இருக்கும்போது அந்தக் கடமையைத் தள்ளிப்போடுவது அரசுக்கு எளிதாகிறது. அதே சமயம் அரசு தொண்டர்களைத் தண்டிக்கவும் செய்தது. சாரா மார்தினி இதற்குச் சான்று. 2015இல் எஞ்சின் நின்றுபோன படகோடு தங்கை யுஸ்ராவும் அவரும் கடலில் இறங்கி லெஸ்போஸை அடைந்தார்கள். யுஸ்ரா மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் நீந்தினார். சாரா மீட்புத் தொண்டராகத் தீவுக்கே திரும்பினார். 2018 ஆகஸ்டில் அவரும் சக தொண்டர் ஷான் பைண்டரும் கைதாகி 100 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். உளவு, ஆள்கடத்தல் என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. சிறிய குற்றச்சாட்டுகள் 2023 ஜனவரியில் விழுந்த பிறகும் பெரியவை தலைக்கு மேல் தொங்கின. கடலில் மூழ்குபவரைத் தூக்குவதைக் குற்றமாக்கிய இந்த அநீதியைக் கண்டிக்காமல் தொண்டர்களின் குறைகளை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

தொண்டர்கள் சாட்சிகளாகவும் இருந்தார்கள் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். மோரியாவின் சேற்றையும் வரிசைகளையும் கண்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் தங்கள் பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் நகர மன்றங்களிலும் பேசினார்கள். ஒரு தலைமுறை ஐரோப்பியர்களுக்கு அகதி என்பவர் தொலைக்காட்சியில் கடந்து போகும் கூட்டமாக இல்லாமல், பெயர் தெரிந்த நண்பராக ஆனார். இதைக் கொடுக்க எந்த அரசுத் திட்டத்தாலும் இயலாது.

ஒழுங்கான ஏற்பாட்டுக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோப்பியன் சாலிடாரிட்டி கோர்' திட்டம் 18 முதல் 30 வயது வரையிலானவர்களைப் பிற நாட்டு அமைப்புகளுக்கு அனுப்புகிறது. அவற்றில் அகதிகளோடு பணிபுரியும் அமைப்புகளும் உண்டு. பயணச் செலவு, தங்குமிடம், காப்பீடு, கைச்செலவுப் பணம், வழிகாட்டி எல்லாம் கிடைக்கும். 12 மாதங்கள் வரை பணியாற்றலாம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையும் போக முடிவது இதன் பெருமை. குறையும் உண்டு. இளைஞர் என்ன கற்றார் என்பதற்கு 'யூத்பாஸ்' என்ற சான்றிதழ் தரப்படுகிறது. அவரிடம் உதவி பெற்றவர் என்ன அடைந்தார் என்பதற்கும் அதே அக்கறையோடு கணக்கு வைத்தால்தான் இது முழுமை பெறும்.

திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மோரியாவே காட்டியது. 2020இல் கொரோனா பரவியபோது பயணத்தடைகளால் வெளிநாட்டார் பலர் வர முடியவில்லை. முகாம்வாசிகள் தாங்களே 'மோரியா கொரோனா விழிப்புணர்வுக் குழு'வை அமைத்து முகாமின் பல மொழிகளில் எச்சரிக்கை எழுதி ஒட்டினார்கள். குப்பை அள்ளவும் குழு சேர்த்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் முகாம் தீக்கிரையானாலும் அந்தத் திறன் மனிதர்களோடு இருந்தது. மொழியும் நம்பிக்கையும் அவர்களிடம் உண்டு. அவர்களுக்குக் கிடைக்காதிருப்பது பணமும் பொறுப்பும்தான்.

ஆகவே வேலையைக் காலத்தோடு பொருத்திப் பிரிக்க வேண்டும். சமையலறை, துணிக் கிடங்கு, கரைக் காவல் போன்றவற்றுக்குச் சில வாரங்கள் வருபவர் போதும். கற்பித்தலுக்கு ஆறு மாதமாவது தங்க ஒப்புபவர் வேண்டும், பாடத்தின் தொடர்ச்சி அங்கேயே இருக்கும் ஒருவர் கையில் இருக்க வேண்டும். குழந்தைகளின் மனநலமும் சட்ட ஆலோசனையும் தகுதி பெற்ற, நிலைத்திருக்கும் ஊழியர்களுக்கே உரியவை. எந்தப் பணிக்கு யார் தேவை என்று முடிவெடுக்கும் மேசையில் முகாம்வாசிகளும் தீவு மக்களும் உட்கார வேண்டும். வரும் இளைஞர்கள் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு உழைத்தால், அவர்கள் கொண்டுவரும் உற்சாகம் வீணாகாது. அனுப்பும் அமைப்புகள் இந்தக் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்தால் அவற்றை ஏற்க மறுக்கும் உரிமை முகாமுக்கும் ஊருக்கும் இருக்க வேண்டும்.