வாசற்படிக்கு அப்பால்

நம் கதைகளில் கொடுமை தாங்காத மனைவி வாசற்படி தாண்டியதும் ஆசிரியர் பேனாவை மூடிவிடுகிறார். கஷ்டமே அப்புறந்தானே?

ஆன் பிரான்டி 1848-ல் எழுதிய ‘வைல்ட்ஃபெல் ஹால் குடித்தனக்காரி’ நாவலை நான் மெச்சுவது இதனால்தான். படம் எழுதி விற்றுப் பிழைக்க ஹெலன் திட்டமிடுகிறாள். குடிகாரப் புருஷன் அவள் டைரியைப் படித்து, சாவிகளைப் பிடுங்கி, தூரிகைகளை நெருப்பில் போடுகிறான். மனைவியின் சம்பாத்தியமே புருஷனுடையது என்ற சட்டம் அங்கே 1870-ல்தான் தளர்ந்தது. நியாயஸ்தலம் அவளுக்கு எதற்கு? கடைசியில் குழந்தையோடு தப்பி, பெயரை மாற்றிக்கொண்டு, சகோதரனின் பாழடைந்த மாளிகையில் ஒளிகிறாள். ஊரோ, உறவு தெரியாமல், அந்தச் சகோதரனையே அவளுக்குக் காதலனாக்கி வம்பளக்கிறது!

இந்த விஷயத்தை எடுத்ததே தவறென்று ஆனின் அக்காள் ஷார்லட் 1850-ல் எழுதினாள். ஷார்லட் பெரிய எழுத்தாளர்தான். இந்தத் தீர்ப்பை மட்டும் என்னால் ஒப்ப முடியவில்லை.